உத்தரவுக்குப் பொருந்திய ஒரே ஆள்

1. மதம்: இல்லை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட் காவல் சுபேதார் தங்கையாவுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

"பேரு?"

"அறிவுக்கொடி."

"மதம்?"

"இல்லீங்க."

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டில் கோயில் கயிறு.

"இல்லன்னா எப்படிம்மா? இந்துவா, கிறிஸ்டியனா, முஸ்லிமா? ஏதாவது ஒண்ணு இருக்கும்ல?"

"எங்க வீட்ல எதுவும் இல்லீங்க."

"கழுத்துலயும் ஒண்ணையும் காணல. புருசன் இருக்காரா?"

"இருக்காரு. ரைஸ் மில்லுல வேலை பாக்குறாரு. எங்க கல்யாணத்துல தாலி கட்டல, மாலை மாத்திக்கிட்டோம்."

தங்கையா பெருமூச்சு விட்டார். "சரி, உள்ள போயி உக்காரு. இந்தக் கட்டத்தை நான் என்ன செய்யறதுன்னு பொறவு பாக்கேன்" என்றார். அந்தக் கட்டத்தில் அவர் என்ன எழுதினார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

பதவியின் பெயர் லேடி சர்ச்சர். தஞ்சாவூருக்கும் பாபநாசத்துக்கும் நடுவே, வயல்களுக்குள் இருந்த ஒரு ராணுவ டெப்போவின் மெயின் கேட்டில் உள்ளே போகிற, வெளியே வருகிற பெண்களைச் சோதனை போடுகிற வேலை. ஊரில் இதைத் 'தடவிப் பாக்குற உத்தியோகம்' என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். டெப்போவுக்குள் வெடிமருந்து இருந்தது. ஒரு தீப்பெட்டி உள்ளே போனால் என்ன ஆகும் என்று சிரித்தவர்களுக்குத் தெரியாது.

வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெப்போ நின்ற இடம் முன்பு ஒரு மிராசுதாரின் நிலம். எங்கள் குடும்பமும் இன்னும் சில குடும்பங்களும் அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வந்தோம். சர்க்கார் நிலத்தை எடுத்தபோது ஈட்டுத்தொகை மிராசுதாருக்குப் போனது. உழுதவர்களுக்கு 'காலி செய்' என்ற நோட்டீஸ் வந்தது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். அப்போது ஆட்சியில் இருந்தவர்களில் பலர் அவரோடு ஒரே மேடையில் பேசியவர்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கே போய்ச் சண்டை போட்டார். ரோடு போட வந்த வண்டிகளை மறித்து எல்லாரும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்தார்கள். போலீஸ் அடித்தது. திரும்பவும் போய் உட்கார்ந்தார்கள். முடிவில், குத்தகைதாரர் வீட்டுக்கு ஒருவருக்கு டெப்போவில் வேலை என்று ஒப்புக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. வேலை எனக்கு வந்தது.

என் சர்ச் ரூம் கட்டியிருந்த இடம் எங்கள் நாற்றங்கால். அங்கே உட்கார்ந்து சம்பளம் வாங்க எனக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை.

2. மஞ்சள் துணி

உள் ஷெட்டுகளில் பெட்டி அடுக்கவும் பெருக்கவும் கான்ட்ராக்டில் பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் விவசாயக் கூலி வேலை பார்த்த பெண்கள். அறுவடைக் கூலிக்காகக் களத்தில் மல்லுக்கு நின்று பழகியவர்கள். அவர்களுக்கு மேஸ்திரி அஞ்சலை, கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். யாருக்கும் பயப்படமாட்டாள்.

உள் ஷெட்டுக்குள் உலோகம் போகக் கூடாது. உரசினால் தீப்பொறி வரும். வளையல், மெட்டி, ஹேர்பின் எல்லாம் என் அறையில் ஒரு தட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள். தாலி மட்டும் பிரச்சினை. எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த அம்மாள் அதற்கு ஒரு வழி செய்து வைத்திருந்தார். தாலியை மஞ்சள் துணியில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, ரவிக்கைக்குள் போட்டுவிட வேண்டும். நான் கையால் அழுத்திப் பார்ப்பேன். துணி சரியாக இருந்தால் உள்ளே போகலாம். ராணுவம் இதை ஒப்புக்கொண்டிருந்தது. வட இந்தியச் சிப்பாய் ஒருவர் தன் மத வழக்கப்படி கையில் போட்டிருந்த இரும்பு வளையத்துக்கும் இதே ஏற்பாடுதான்: மேலே துணி சுற்றிக்கொள்வார்.

எனக்குத் தாலியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தத் துணியை நான் ஒரு நாளும் ஏளனமாகப் பார்த்ததில்லை. விதிக்கு வேண்டியது தீப்பொறி வராமல் இருப்பது. தாலி யார் கழுத்தில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பது விதிக்குத் தேவையில்லாத விஷயம்.

3. சபுரா

சபுராவின் கணவர் டெப்போவின் ஃபயர் எஞ்சினில் வேலை பார்த்தவர். டூட்டியில் இறந்துபோனார். கருணை அடிப்படையில் சபுராவுக்கு டெய்லரிங் ஷெட்டில் வேலை கொடுத்தார்கள். லாரிகளை மூடுகிற கேன்வாஸ் உறைகளைத் தைக்கிற வேலை. முரட்டுத் துணி, முரட்டு ஊசி. விரல் நுனிகள் எப்போதும் காய்த்திருக்கும்.

பாபநாசத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். கறுப்புப் பர்தா, முகத்திரையும் உண்டு. நேராக என் அறைக்கு வந்து, திரையை விலக்கி முகத்தைக் காட்டுவாள். பாஸில் இருக்கிற போட்டோவோடு ஒப்பிடுவேன். பர்தாவைக் கழற்றி மடித்து ஆணியில் மாட்டுவாள். சோதனை முடிந்ததும் புடவை மேல் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போவாள். சாயங்காலம் திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போவாள். இதில் ஒரு நாளும் ஒரு குறையும் வந்ததில்லை.

ஒருமுறை அவளிடம் கேட்டேன். "ஏன் சபுரா, இந்த வெயில்ல இது கஷ்டமா இல்லையா?"

"கஷ்டந்தான் அக்கா. நீங்க ஏன் பொட்டு வைக்கலன்னு நான் என்னிக்காவது கேட்டேனா?"

நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தோம்.

4. புது உத்தரவு

வடக்கே எங்கேயோ ஒரு தளத்தில் ஏதோ அசம்பாவிதம் என்று செய்தி வந்தது. எல்லா இடத்திலும் காவலைக் கூட்டினார்கள். எங்களுக்குப் புது செக்யூரிட்டி ஆபீஸர் வந்தார். மேஜர் ரகுநாதன். மெட்ராஸ்காரர், நல்ல தமிழ் பேசுவார், யாரையும் மரியாதை குறையாமல் 'நீங்க' என்பார். வந்த கொஞ்ச நாளில் ஒரு உத்தரவு போட்டார். தங்கையா எனக்குப் படித்துக் காட்டினார்.

படைத்தளம் மதச்சார்பற்ற இடம். எனவே பெண் பணியாளர்களும் பெண் விசிட்டர்களும் மத அடையாளமுள்ள எந்த உடையும் அணிகலனும் வெளி பேரியரைத் தாண்டி அணியக் கூடாது. பதவி, உறவு என்ற பேதம் கிடையாது. பேரியரிலேயே கழற்ற வேண்டும். இதுதான் சாரம்.

வெளி பேரியர் என்பது ரோட்டோரத்தில் குறுக்கே போட்ட கம்பம். அங்கே ஜவான்கள் நிற்பார்கள். பஸ் போகும், டீக்கடையில் ஆள் இருக்கும். என் அறை அதற்கு உள்ளே கொஞ்ச தூரம் தள்ளி இருந்தது.

நான் மேஜரைப் பார்க்கப் போனேன்.

"சார், இது பொம்பளைங்களுக்கு மட்டுமா?"

"ஆம்பளைங்களுக்கு யூனிஃபார்ம் ரூல் தனியா இருக்கு."

"கான்ட்ராக்ட் ஆம்பளைங்க யூனிஃபார்ம் போடலையே சார். ருத்ராட்சம், சிலுவை, தொப்பி எல்லாம் உள்ள போகுது."

"இங்க பாருங்கம்மா, பிரச்சினை முகம் மூடுற துணி. அதுக்காகத்தான் இந்த ஆர்டர்."

"முகத்தைத்தான் தெனமும் ரூம்ல பாக்குறேனே சார். அப்ப தாலி, குங்குமம்?"

"அதையெல்லாம் நீங்க பாக்க வேணாம். அது கல்ச்சர்."

"தாலி கல்ச்சர், பர்தா மதமா சார்?"

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "நீங்களே மதம் இல்லாத ஆளுன்னு கேள்விப்பட்டேன். நீங்கதான் இந்த ஆர்டருக்கு முதல்ல கை தட்டணும்."

"ஆமா சார். இந்த டெப்போவுல உங்க ஆர்டருக்குப் பொருந்துற ஒரே ஆள் நான்தான். அதனாலதான் கேக்குறேன். தாலியை விட்டுட்டு பர்தாவை மட்டும் எடுன்னு எழுதிக் குடுங்க, செய்யறேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் சபுரா வந்தபோது பேரியரில் ஒரு ஜவான் கையை நீட்டி மறித்தான். டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தங்கையா என்னைக் கூப்பிட்டு, "ஆர்டர் வந்திருக்கும்மா. இங்கயே எடுக்கச் சொல்லு" என்றார். நான் அவளுடைய கையைப் பிடித்து நேராக என் அறைக்குக் கூட்டிப் போனேன். எப்போதும் போல முகம் பார்த்தேன், சோதித்தேன், உள்ளே அனுப்பினேன்.

அன்றைக்கே எனக்கு மெமோ வந்தது. உத்தரவை மீறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று. அதற்கடுத்த நாள் சபுராவைப் பேரியரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

5. மூன்று பக்கம் அடி

அப்பா என் கட்சியில் நிற்பார் என்று நினைத்தேன். அவர் நிற்கவில்லை.

"பர்தா ஒழியணும்னு ஊர் ஊரா மேடை போட்டுப் பேசினவன் நான். நீ அதுக்குக் காவல் நிக்கிறியா?" என்று கேட்டார்.

"நீங்க பேசினீங்கப்பா. கேட்டவங்க எடுத்தாங்க, எடுக்காதவங்க எடுக்கல. நீங்க யாரு தலையிலேருந்தும் உருவலையே."

"சட்டம் போட்டுத்தான் சில அழுக்கு போகும்."

"இது அழுக்கு எடுக்குற சட்டம் இல்லப்பா. தாலியைத் தொடாத சட்டம். உங்க பொண்ணு கழுத்துல தாலி இல்லன்னு முதல் நாளே கேள்வி கேட்ட எடம் அது. அங்க பர்தா மட்டும் போச்சுன்னா யாருக்கு ஜெயம், உங்களுக்கா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பிறகும் எத்தனையோ தடவை இதைப் பற்றிச் சண்டை போட்டோம். சாகும்வரை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் வேலையை விட்டுவிடு என்றோ, மன்னிப்புக் கேள் என்றோ அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபுரா வீட்டுக்குப் போனேன். அங்கே ஜமாத் தலைவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சபுரா கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தாள்.

"வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்மா. ஜமாத்துலேருந்து மாசாமாசம் அரிசி குடுக்கச் சொல்றேன். கண்ட ஆம்பளைங்க முன்னாடி போயி நிக்கிறதுக்கு வீட்ல இருக்கலாம்ல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அரிசி வேணாம் மாமா. வேலை வேணும்" என்றாள் சபுரா.

"அப்ப துணியை எடுத்துட்டுப் போ. மறுமையில பதில் சொல்லிக்க."

"துணியையும் எடுக்க மாட்டேன். வேலையையும் விட மாட்டேன்."

"ரெண்டும் எப்படிம்மா நடக்கும்?"

"இத்தனை நாளு நடந்துச்சே மாமா. உங்களுக்கும் அந்த மேஜருக்கும் ஒரே எண்ணம், நான் வீட்ல கெடக்கணும். அவரு துணியை எடுன்னு சொல்றாரு, நீங்க எடுக்காதேன்னு சொல்றீங்க. ரெண்டு பேரு சொல்றதுலயும் என் சம்பளம் போயிருது."

தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்து, "நீங்கதான் இந்தப் புள்ளைக்குத் தைரியம் குடுக்குறீங்களா?" என்றார்.

"இல்லீங்க. அவகிட்டதான் வாங்கிட்டுப் போக வந்தேன்" என்றேன்.

அவர் போனபிறகு சபுரா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "அக்கா, நாளைக்கும் வருவேன். பேரியர்ல நிப்பேன். திருப்பி அனுப்பினா அங்கயே உக்காந்திருப்பேன்" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் நான் என்ன செய்யவேண்டும் என்று முடிவு செய்தேன். உத்தரவை மீறியதாகத்தானே மெமோ? இனி மீறப்போவதில்லை. ஒரு எழுத்துக்கூட விடாமல் நிறைவேற்றப் போகிறேன்.

6. உத்தரவுப்படி

திங்கட்கிழமை டெப்போ ஹாலில் குடும்ப நல விழா. ஆபீஸர்களின் மனைவிமார் வருவார்கள், டெப்போவின் தலைமை அதிகாரியான கர்னல் பரிசு கொடுப்பார். ஆபீஸர் குவார்ட்டர்ஸ் மெயின் கேட்டுக்கு வெளியே இருந்ததால் எல்லாரும் பேரியரைத் தாண்டித்தான் வரவேண்டும்.

காலையில் நான் என் அறையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பேரியரில் நின்றேன். சபுரா சொன்னபடி வந்து, ரோட்டோர வாகை மரத்தடியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அஞ்சலையும் பெண்களும் வந்தார்கள்.

"நில்லுங்க. தாலி, குங்குமம், சாமிக் கயிறு, எதுவும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. இங்கயே கழட்டுங்க" என்றேன்.

அஞ்சலை இடுப்பில் கை வைத்தாள். "ஏண்டி கொடி, காலங்காத்தால பைத்தியம் புடிச்சிருக்கா? மஞ்சத்துணியிலதான சுத்திருக்கு, பாத்துக்க!"

"துணியெல்லாம் பழைய ரூலு. புது ரூலு கழட்டணும்."

"யாரு போட்டது?"

"மேஜரு."

அவள் மரத்தடியில் இருந்த சபுராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு நேரமாகவில்லை. குரலை உயர்த்தி, டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "தாலியைக் கழட்டணும்னா என் ஊட்டுக்காரன் சாவணும். உங்க மேஜருக்காக அந்த மனுசனை நான் சாகடிக்க முடியாது. வாங்கடி, உக்காருவோம்."

எல்லாரும் சபுராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அஞ்சலை தூக்குவாளியைத் திறந்து அவளுக்குப் பழைய சோறு கொடுத்தாள்.

தங்கையா ஓடி வந்தார். "என்னம்மா செய்யிற?"

"ஆர்டர் சார். எழுத்துல என்ன இருக்கோ அதான். தப்பா இருந்தா சொல்லுங்க."

அவர் உத்தரவை எடுத்து மறுபடி படித்தார். தப்பு எதுவும் இல்லை. அவர் முப்பது வருஷம் உத்தரவுக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்த மனிதர். கம்பத்தைத் தூக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அப்போது ஜீப் வந்தது. உள்ளே மேஜரின் மனைவி வசந்தா. பட்டுப் புடவை, மல்லிகைப் பூ, நெற்றியில் குங்குமம், கழுத்தில் கனத்த தாலிக்கொடி. டிரைவர் ஹார்ன் அடித்தான். கம்பம் எழவில்லை.

நான் பக்கத்தில் போய் வணக்கம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

"அம்மா, கொஞ்சம் இறங்கணும். தாலியையும் குங்குமத்தையும் இங்க எடுத்துட்டுத்தான் உள்ள போகணும்."

"என்னது?"

"புது ஆர்டருங்கம்மா. மத அடையாளம் எதுவும் இதைத் தாண்டக் கூடாது. பெண்கள் எல்லாருக்கும். உறவு பேதம் கிடையாதுன்னு எழுதிருக்கு."

அவர் இறங்கினார். முகம் சிவந்துவிட்டது. "இங்கயா? இத்தனை ஆம்பளைங்க முன்னாடியா?"

"ஆமாங்கம்மா. இங்கதான்னு எழுதிருக்கு."

"உனக்கு என்ன தைரியம்? இது என்னன்னு தெரியுமா உனக்கு? நீ கட்டியிருக்கியா?"

"கட்டலீங்கம்மா. ஆனா கட்டினவங்களுக்கு எப்படி இருக்கும்னு தெரியும். அதோ உக்காந்திருக்காளே, அவ பர்தாவை இதே எடத்துல எடுக்கச் சொன்னாங்க. அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்."

வசந்தா அம்மாள் மரத்தடியைப் பார்த்தார். அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"யார் போட்ட ஆர்டர் இது?"

"சார்தான்."

அவர் டிரைவரிடம், "போய் அவரைக் கூட்டிட்டு வா" என்றார். பிறகு என்னிடம், "நான் கழட்டவும் மாட்டேன், திரும்பிப் போகவும் மாட்டேன். இங்கயே நிக்கிறேன். நீ பண்ணினதை மட்டும் மறக்க மாட்டேன்" என்றார்.

டிரைவர் நடந்தே உள்ளே ஓட, ஜீப் குறுக்கே நின்றது. அதன் பின்னால் மற்ற ஆபீஸர் வீட்டு வண்டிகள். கடைசியில் கர்னலின் கார்.

7. கர்னல் அறை

அன்றைக்கே கர்னல் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது. எனக்கு இந்தி தெரியாது, கற்றுக்கொள்ளவும் எங்கள் வீட்டில் விட்டிருக்கமாட்டார்கள். தங்கையா நடுவில் நின்று மொழிபெயர்த்தார். மேஜர் ஒரு பக்கம் நிமிர்ந்து நின்றார்.

"நீ வேணும்னே செய்தியான்னு கேக்காரு" என்றார் தங்கையா.

"ஆமான்னு சொல்லுங்க."

"ஏம்மா, யோசிச்சுச் சொல்லு. வேலை போயிரும்."

"போனா போகட்டும் சார். இது எங்க நாத்தங்கால். நான் நெல்லு வெதச்ச எடத்துல நின்னு ஒரு பொண்ணு துணியை உருவ மாட்டேன்னு சொல்லுங்க."

அவர் எதை எப்படிச் சொன்னாரோ, கர்னல் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: வெடிமருந்துக் கிடங்கின் கேட்டில் நிற்கிற நீ, ஒரு பெண்ணிடம் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

"ரெண்டு விஷயம். ஒண்ணு, பாஸ்ல இருக்குற ஆள்தானான்னு முகத்தைப் பாக்கணும். ரெண்டு, உடம்புல தீப்பெட்டியோ ஆயுதமோ இரும்போ இருக்கான்னு பாக்கணும். ரெண்டையும் ரூம்ல வச்சு ஒரு பொம்பளை பாத்தா போதும். தாலிக்கு மஞ்சத்துணி கண்டுபிடிச்சோம். சிப்பாய் கைவளையத்துக்கும் துணி கண்டுபிடிச்சோம். பர்தாவுக்கு ஏற்கனவே வழி இருந்துச்சு, அதை மூடினது இந்த ஆர்டர். இதுக்கு மேல கேட்டா அது செக்யூரிட்டி இல்ல, வேற ஏதோ."

மேஜர் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். நாளைக்கு யாராவது பர்தாவுக்குள் எதையாவது ஒளித்துக்கொண்டு வந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டதாகத் தங்கையா சொன்னார். நியாயமான கேள்விதான்.

"பட்டுப் புடவைக்குள்ளயும் ஒளிக்கலாம் சார். ஆபீஸர் வீட்டு ஜீப்பை இதுவரைக்கும் ஒருத்தரும் நிறுத்திப் பாத்ததில்ல. அதுவும் ஓட்டைதான்" என்றேன்.

தங்கையா இதை மொழிபெயர்க்கத் தயங்கினார். கர்னல் இந்தியில் "போல்", அதாவது சொல்லு, என்றதும் அவர் சொன்னார்.

உத்தரவு அன்று சாயங்காலமே மாறியது. மதம் என்ற சொல்லே புதியதில் இல்லை. உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணும், யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், சர்ச் ரூமில் பெண் பணியாளரிடம் முகத்தைக் காட்டிச் சோதனைக்கு உட்பட வேண்டும். உள் ஷெட்டுக்குப் போகிறவர்கள் உலோகத்தைக் கழற்ற வேண்டும் அல்லது துணியால் மூட வேண்டும். அவ்வளவுதான்.

எனக்குத் தண்டனையும் வந்தது. கீழ்ப்படியாமைக்காக இன்கிரிமென்ட் நிறுத்தம், கேட் டூட்டியிலிருந்து கொஞ்ச காலம் நீக்கம். டெய்லரிங் ஷெட்டில் கேன்வாஸ் இழுத்துப் பிடிக்கிற வேலை கொடுத்தார்கள். கேட்டுக்கு ஒரு பெண் வேண்டுமே? நிரந்தரப் பணியில் இருந்த இன்னொரு பெண் சபுரா மட்டும்தான். வேறு வழியில்லாமல் அவளை லேடி சர்ச்சராகப் போட்டார்கள்.

வசந்தா அம்மாள் சொன்னபடியே என்னை மன்னிக்கவில்லை. மேஜர் மாறுதலாகிப் போகும்வரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு விழாவுக்கும் ஜீப்பிலிருந்து இறங்கி, சபுராவின் அறைக்குள் போய்ச் சோதனை முடித்துக்கொண்டுதான் உள்ளே போனார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

8. ஒரு கார்

தண்டனைக் காலம் முடிந்து நான் கேட்டுக்குத் திரும்பியபோது சபுராவை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். அப்போது நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

கட்சிக்கொடி கட்டிய கார் ஒன்று வந்தது. கரை வேட்டி கட்டிய ஒருவர் இறங்கினார். கூடவே முழுப் பர்தாவில் ஓர் இளம்பெண். அவளுடைய அண்ணன் உள்ளே வேலை செய்தான், அன்று குடும்பத்தார் வந்து பார்க்கிற நாள். ரூமுக்கு வந்து முகம் காட்டவேண்டும் என்று சொன்னேன்.

கரை வேட்டி கொதித்துவிட்டார். "சிறுபான்மை மக்களை இப்படித்தான் அவமானப்படுத்துவீங்களா? எங்க ஆட்சி நடக்குது, தெரியுமில்ல? ஒரு போன் போட்டா நீ எங்க இருப்பே தெரியுமா?"

"போடுங்க. சுபேதார் ரூம்ல போன் இருக்கு" என்றேன்.

"எங்க பொண்ணு முகத்தைக் காட்ட மாட்டா. மார்க்கத்துல இடமில்ல."

சபுரா முன்னால் வந்தாள். தலைத்துணி கட்டி, கையில் டூட்டிப் பட்டையோடு நின்றாள். "நானும் அதே மார்க்கந்தான். நானும் தெனம் அந்த ரூம்ல காட்டிட்டுத்தான் வர்றேன். அங்க ஆம்பளை கிடையாது. காட்டாம உள்ள விட முடியாது, நீங்க யாருக்குப் போன் போட்டாலும் சரி."

"நீயெல்லாம் ஒரு முஸ்லிமா?"

"அதை நீங்க கேக்காதீங்க. உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குச் சம்பளம் குடுக்கல."

அவர் இன்னும் ஏதோ கத்தினார். ஜவான்கள் ஓடி வந்தார்கள். தங்கையாவின் இடத்துக்கு வந்திருந்த புது சுபேதார், விட்டுவிடலாமா என்று என்னிடம் கண்ணால் கேட்டார். நான் தலையாட்டி மறுத்தேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் சபுரா அந்தப் பெண்ணிடம் போய், "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டாள்.

திரைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "நான் ஒண்ணும் சொல்லலையே அக்கா. என்னை யாரு கேட்டா? ரூம் எங்க இருக்கு?"

அவள் சபுராவோடு உள்ளே போனாள். முகம் காட்டினாள், அண்ணனைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். கரை வேட்டி காருக்குள் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் டூட்டிக்கு வருகிற புதுப் பெண்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இது ஒன்றுதான். உங்கள் மேசைக்கு உத்தரவு வரும், மிரட்டல் வரும், சிபாரிசு வரும். மேஜர் பேசுவார், ஜமாத் பேசும், கட்சி பேசும், உங்களைப் பெற்ற அப்பாகூடப் பேசுவார். எல்லாரும் அவள் உடம்பில் இருக்கிற துணியைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் முதலில் அவளிடம் கேளுங்கள். பிறகு, கேட்டுக்கு எது தேவையோ அதை மட்டும் பாருங்கள். அதற்கு மேல் ஒரு நூல் எடுக்கச் சொன்னால், சொல்கிறவர் யாராக இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள்.